மரியாதை தெரிந்த அரக்கர்கள்

மாப்ள,

இன்று திங்கட்கிழமை. காலையிலிருந்து கைபேசி ஓயவில்லை. கட்டிங் டேபிளில் விரித்திருக்கும் துணியின் மேல் வைத்தால், வண்டு மாதிரி உறுமிக்கொண்டே நகர்கிறது. கட்டிங் மாஸ்டர் இரண்டு முறை முறைத்துவிட்டார். நான் முதலாளி என்பதால் வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கும் நம் ஆட்ட ரசிகர் குழுவின் வேலை. நாம் பதினோரு வருடமாக இதே டேபிளைச் சுற்றி ஞாயிறு மதியங்களில் ஆடினோமே, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, இல்லாத காட்டுக்குள் அலைகிற ஆட்டம், அதற்குப் புதுப் புத்தகம் வந்திருக்கிறது. இதுவரை வெட்டித் தள்ளுவதற்கென்றே இருந்த அரக்கர்களில் ஐந்து இனங்களை இனி நாமே பாத்திரமாக எடுத்து ஆடலாம் என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு வாரமாகத் தமிழ் ரசிகர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

காளான் தலை இனத்தின் படத்தைப் பார்த்து ஒருவர், 'இதை வெட்டறதா, குழம்பு வைக்கறதா?' என்று கேட்டிருக்கிறார். ஆமை முதுகு இனத்துக்கு இரண்டே நாளில் ரசிகர் மன்றம் வந்துவிட்டது. சேலத்துக்காரர் ஒருவர், அரக்கர்களை நல்லவர்களாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்று பன்னிரண்டு குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். கடைசிப் பதிவில் குரலே கம்மிவிட்டது. படிக்கப் படிக்கச் சிரிப்பு. சிரித்து முடித்ததும் உனக்கு இதை அனுப்பக் கை போகிறது. போன வாரம் முழுக்க எனக்கு இதுதான் பிழைப்பு.

இந்த யோசனை இவர்களுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. நீ மூன்று வருடம் முன்பே செய்தாய்.

சாயப்பட்டறை லேபில் உட்கார்ந்து, துணித்துண்டின் நிறம், சரக்கு வாங்குகிற பையர் கேட்ட நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வேலை உனக்கு. அந்த இடைவெளிகளில் எழுதியது நாலு பக்கம். சாயவாலர் என்று, பாத்திரமாக எடுத்து ஆடக்கூடிய ஓர் அரக்க இனம். பனை உயரம், மூன்று கண், ஆற்றில் தண்ணீர் அன்றைக்கு என்ன நிறத்தில் போகிறதோ அந்த நிறத்தில் வால். நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் சாயக் கழிவால் நொய்யல் ஆறு ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் ஊதாவாகவும் போனதைப் பார்த்தவனுக்குத்தான் அப்படி ஒரு வால் தோன்றும்.

குழுவில் போடுவதற்கு முன் நான் படித்தேன். நூல் வியாபாரம் செய்கிற நம் ஜாகீரும் படித்தார். இரண்டு பேரும் பிழை ஒன்றும் இல்லை என்று சொன்னோம். அன்றைக்கு நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "நம்ம ஆறு பேரு ஆடறது கணக்கில்ல மாப்ள. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரு, நான் கெஞ்சாம, இதை எடுத்து ஆடறேன்னு வரோணும். ஒருத்தரு போதும்."

போட்ட பத்தாவது நிமிடம் சிரிப்பு ஆரம்பித்தது. சென்னைக்காரர் ஒருவர், 'இது அரக்கனா, ஜவுளிக்கடை வாசல்ல நின்னு கூப்பிடுறவரா?' என்றார். மதுரையிலிருந்து ஒருவர், 'கடிக்கிறதுக்கு முன்னாடி தாம்பூலம் வைக்கும் போலயே' என்றார். உனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பெருமாநல்லூருக்கு, என் கம்பெனிக்கே வந்துவிட்டாய்.

"எதுக்குடா சிரிக்கறாங்க? மூணு கண்ணு வெச்சிருக்கேன், கோரப்பல்லு வெச்சிருக்கேன்."

மறுபடி எடுத்துப் படித்தோம். அப்போதுதான் தெரிந்தது. உன் சாயவாலர் வழிப்போக்கரை மறித்து, 'நில்லுங்க, உங்களைத் திங்கலாமுன்னு இருக்கறனுங்க' என்கிறார்கள். நாலு பக்கத்திலும் ஓர் இடத்தில்கூட ஓர் அரக்கன் ஒருத்தரையும் 'வாடா' என்று சொல்லவில்லை. எழுதிய உனக்கும் தெரியவில்லை, படித்த எங்களுக்கும் தெரியவில்லை. நம் கொங்குப் பக்கத்தில் தெரியாத ஆளிடம் வேறு எப்படிப் பேசுவது?

"அந்த 'ங்க'வை எடுத்துத் தொலைடா. ஒருத்தனும் இதை எடுத்து ஆட மாட்டான்" என்று சொன்னவன் நான்தான். ஒத்துக்கொள்கிறேன்.

நீயும் முயன்றாய். அடுத்த ஞாயிறு கதை சொல்லும்போது எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, "டேய் மனுசப்பயலே! நில்றா அங்க!" என்று கத்தினாய். ஜாகீர் உண்மையாகவே பயந்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நீ உடனே பதறி, "அய்யோ, நீங்க உக்காருங்க பாய், எதுக்கு எந்திரிச்சீங்க?" என்றாய். என் மனைவி சிரித்த சிரிப்பில் பகடையெல்லாம் கீழே உருண்டது. ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, நாலு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னாய். "இருந்துட்டுப் போகுது மாப்ள. எங்கப்பனுக்கு மெய்யாலுமே கோவம் வந்தா, 'வாங்க தம்பி, உக்காருங்க'ம்பாரு. நான் அப்பத்தான் பின்வாசல் வழியா ஓடுவேன்."

மாற்றவில்லை நீ. ஆனால் காத்திருந்தாய். டீ குடிக்கும்போது, பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது, சும்மா எடுப்பது போலக் கைபேசியை எடுத்து யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பார்ப்பாய். ஒருத்தரும் கேட்கவில்லை. அடுத்த ஐப்பசி மழைக்கு நீ இல்லை. லேபிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்றார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஒரே ஒரு ஆள் வந்து கேட்டிருக்கக் கூடாதா என்று, முகம் தெரியாத அத்தனை பேர் மேலும் கோபம்.

போன வாரச் சண்டையில் யாரோ உன் நாலு பக்கத்தைத் தோண்டி எடுத்துப் போட்டார்கள். 'இந்தப் புது அரக்கர்களுக்கு அந்தத் திருப்பூர்க்காரர் அரக்கரே தேவலாம்' என்று கிண்டல். பழைய சிரிப்பு மறுபடியும் ஓடியது. நான் கெட்ட வார்த்தையாகவே தட்டச்சு செய்துவிட்டேன். நல்லவேளை, அனுப்பும் முன் ஜாகீர் அழைத்தார். "பொறுங்க. அவரு இருந்தாருன்னா இப்படி எழுதுவாருங்களா?" என்றார். அழித்துவிட்டேன்.

அன்று மாலை அதே குழுவிலிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி. 'அண்ணாச்சி, என் பேரு இசக்கி. தூத்துக்குடிப் பக்கம். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல வேல பாக்கேன். இந்தச் சாயவாலர நான் எடுத்து ஆடலாமா?'

மூன்று முறை படித்தேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நேற்று மதியம் அந்தப் பெண் அறைத்தோழியோடு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஐந்து புது இனம் இருக்கும்போது இதை ஏன் எடுத்தாய் என்று என் மனைவி கேட்டாள்.

"எங்க ஊர்ல பேய்கூட 'ஏல'ன்னுதான் கூப்பிடும் அக்கா. அதுக்கெல்லாம் பயமே கிடையாது. இங்க எங்க ஹாஸ்டல் வார்டனம்மா, லேட்டா வந்தா, 'எங்க கண்ணு போயிட்டு வர்றீங்க?'ன்னு கேப்பாங்க. அந்த வாரம் பூரா ஆறு மணிக்கே உள்ள வந்துருவேன். இத எழுதுனவருக்கு அது தெரிஞ்சிருக்கு."

உனக்கு அது தெரியும். எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

இப்போது கதை சொல்வது ஜாகீர். எங்கள் கூட்டம் ஆற்றுப் பாலத்துக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்லிவிட்டு, இசக்கியைப் பார்த்தார். அவள் எழவில்லை, கத்தவில்லை. டேபிள் மேல் இரண்டு கையையும் வைத்து, எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, வார்டனம்மாவிடம் படித்த பேச்சில் மெதுவாகப் பேசினாள்.

"வாங்க. பாலத்துக்கு அக்கட்ட போகோணுங்களா? போங்க, வேண்டாங்கல. ஒருத்தரு மட்டும் இங்க இருந்துக்கோங்க. யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க. அவசரமில்லீங்க. நான் நிக்கறனுங்க."

எந்த அரக்கனைக் கண்டாலும் முதலில் வாளை உருவுகிற என் மனைவி, எடுத்த பகடையைத் திரும்ப வைத்துவிட்டாள். மாப்ள, உன் அரக்கனைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் பயந்ததே இல்லை.

பிறகு நாங்கள் குசுகுசுவென்று பேசினோம். அங்கே தங்குகிற பாத்திரம் ஆட்டத்தை விட்டே போக வேண்டும், அதுதான் உன் நாலு பக்கத்தில் எழுதியிருக்கிற விதி. ஆட்டத்தில் என் பாத்திரமான வீரன் உன்னோடு பதினோரு வருடம் ஆடியவன். அவன் பட்ட பெரிய காயம் ஒவ்வொன்றும் நீ சொன்ன கதையில் பட்டது. அவனை விட்டால் அடுத்த வாரம் நான் பேரும் ஊரும் இல்லாத புது ஆளாகத் தொடங்க வேண்டும்.

"நான் இருந்துக்கறனுங்க" என்றேன்.

ஜாகீர் தலையைத் தூக்கினார். "ஏனுங்க, நெசமாத்தானுங்களா?"

"நெசமாத்தானுங்க. நீங்கெல்லாம் கெளம்புங்க."

மற்றவர்கள் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். இசக்கி என் பக்கம் திரும்பி, தன் பக்கத்துக் காலி நாற்காலியைக் காட்டி, "நல்லதுங்க. இப்படி உக்காருங்க" என்றாள். போய் உட்கார்ந்தேன். என் வீரன் இப்போது உன் ஆட்களோடு இருக்கிறான், மாப்ள. திரும்பக் கூப்பிடுவதாக இல்லை.