கையெழுத்து வேண்டிய படிவம்

ஜோம்பாங், கிழக்கு ஜாவா, 5 பிப்ரவரி 2023

அன்புள்ள அம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். போனைப் பறித்து இந்த மதரஸா விடுதியில் விட்டால் என் மனச்சோர்வு ஓடிவிடும் என்றீர்கள். போன் போய் நான்கு மாதமாகிறது. சோர்வு போகவில்லை. ஐவேளையும் தொழுகிறேன், தொழுகையிலேயே அழுகிறேன். இங்கே மாணவிகளுக்கு மன ஆலோசனை சொல்லும் ஆசிரியை உஸ்தாதா முஃப்லிஹா என்னைச் சூரபாயாவில் ஒரு மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறார். இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

உங்கள் ஜுவைரியா

லமோங்கான், 13 பிப்ரவரி

அன்பு மகளுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இறால் அப்பளம் அனுப்பியிருக்கிறேன், தோழிகளுக்கும் கொடு.

படிவத்தை மடித்து வைத்துவிட்டேன். பதினாறு வயதில் மன வியாதி மாத்திரையா? நாளைக்கு உன்னை யார் கட்டுவான்? "அல்லாஹ் மேல உள்ள ஈமான் தளர்ந்திருக்கும், இன்னொரு தடவை ஓதிப் பாத்துரலாம்" என்கிறார் உன் மாமா. நோன்புப் பெருநாளன்று நம் வழக்கப்படி எல்லார் முன்னாலும் என்னிடம் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பாய் அல்லவா, இந்தப் பிடிவாதத்துக்கும் சேர்த்துக் கேட்டுவிடு.

அம்மா

ஜோம்பாங், 19 பிப்ரவரி

அம்மா,

அப்பளம் ஒரே நாளில் காலி. தோழிகள் ஸலாம் சொன்னார்கள்.

இந்தப் பிடிவாதத்துக்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஜின் பிடித்திருக்கிறது என்று மாமா ஓதித் தண்ணீர் தெளித்தபோது நான் கதறியதைப் படம் பிடித்து, எனக்காகப் பிரார்த்திக்கும்படி துஆ கேட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள். நல்ல எண்ணம்தான். அது என் பழைய பள்ளிக்கூடம் வரை சுற்றியது தெரியுமா? "ஏய், இன்னிக்கு ஜின் வந்திருச்சா?" என்று தினமும் கேட்டார்கள். உயிரோடு இருப்பதே வெறுத்துப்போனது. உங்களிடம் சொல்லவில்லை.

உஸ்தாதாவிடம் சொன்னேன். அவர் என் ஈமானை அளக்கவில்லை. "யஅகூப் நபிக்குக் காணாமப்போன மகனை நெனச்சு அழுது அழுது கண்ணே வெளுத்துப் பார்வை போச்சு. அவருக்கு ஈமான் குறைச்சல்னு யாராச்சும் சொன்னாங்களா? தொழவும் செய், மருந்தும் சாப்பிடு. ரெண்டும் அல்லாஹ் குடுத்ததுதான்" என்றார்.

பெருநாளில் மண்டியிடுவேன். எதிர்த்துப் பேசியதற்கும் மறைத்ததற்கும் மன்னிப்புக் கேட்பேன். நோயாளியாக இருப்பதற்குக் கேட்க மாட்டேன். படிவம் வராவிட்டால் பெருநாளுக்கு நானும் வரமாட்டேன்.

ஜுவைரியா

லமோங்கான், 27 பிப்ரவரி

என் கண்ணே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் கோபம் வந்தது, பிறகு ஒரே அழுகை. அந்தப் படம் அவ்வளவு தூரம் போனது சத்தியமாக எனக்குத் தெரியாது. துஆ கேட்கிறேன் என்று உன்னைச் சந்தியில் நிறுத்திவிட்டேன்.

மாமா வந்தார். "புள்ளைக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டப் போறியா?" என்றார். "அதை நாம ரெண்டு பேரும் எப்பவோ கட்டியாச்சுண்ணே. இப்ப அவுக்கப் போறேன். காபியைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றேன். குடிக்காமலே போனார்.

அதே குழுவில் எழுதினேன்: 'என் மகளுக்கு மனச்சோர்வு நோய். டாக்டரிடம் காட்டப்போகிறேன். அந்தப் படத்தை வைத்திருப்பவர்கள் இன்றே அழித்துவிடுங்கள்.' ஆறு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். போகட்டும், பெருநாள் பலகாரம் மிச்சம்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தபாலில் அனுப்பவில்லை. வியாழக்கிழமை நானே கொண்டுவருகிறேன், டாக்டரிடமும் உன்கூட வருவேன். பெற்றவள் பிள்ளையிடம் மண்டியிடுவது நம் வழக்கத்தில் இல்லை. உன் தோழிகள் பார்த்தால் பார்க்கட்டும். பெருநாள் வரை என்னால் பொறுக்க முடியாது.

உன் அம்மா