பெட்டிசத்தில் நாவல் எழுதிய அக்காவுக்கு

என் அருமை அக்கா,

நீ ஒரு பயந்தாங்கொள்ளி. ஊரையே உரித்துக் காட்டும் நாவலை எழுதிவிட்டு, அட்டையில் ஓர் ஆணின் பெயரைப் போட்டு ஒளிந்துகொண்டாய். புத்தகம் வெளிவருவதற்குள் காய்ச்சலில் செத்தும் போனாய். இனி நான் யாரோடு சண்டை பிடிப்பது?

கோபம் கிடக்கட்டும். சந்தோசச் செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் வாசிகசாலையில் உன் புத்தகம் மேசையில் தங்குவதேயில்லை.

முதலில் அது நாவல் என்றே ஒருவருக்கும் விளங்கவில்லை. கதை சொல்ல ஆளில்லை, அத்தியாயமில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஊர் அதிகாரியான விதானையாருக்குப் பெயர் போடாமல் எழுதிய முறைப்பாடுகள், மொட்டைப் பெட்டிசங்கள் மட்டுமே. வழக்குப் பேசும் பிரக்கிராசியாரின் கந்தோரில் இருந்து ஊராரின் பெட்டிசங்களைத் தட்டெழுதிய உனக்கு ஊரின் குணம் தெரியாதா? சாதியைச் சொல்லித் தண்ணீர் அள்ள விடாத கிணற்றுக்குள் ஒரு பெண் விழுந்து செத்துப்போகிறாள். அதற்குப் பிறகும் ஊரார் தண்ணீர் பழுதாகிவிட்டது என்றுதான் எழுதுகிறார்கள். வாளி போய்விட்டது என்றும் எழுதுகிறார்கள். அவள் பெயரை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. ஒவ்வொரு பெட்டிசமும், ‘ஐயா, பொறாமையால் இதை எழுதவில்லை’ என்றே தொடங்குகிறது.

போன வாரம் இளைப்பாறிய வாத்தியார் ஒருவர் புத்தகத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“உது சந்திக் கடைக்காரன்தான். அச்சொட்டு அவன்!”

கடைக்காரர் பின்னாலேயே நின்றிருக்கிறார். “மாஸ்ரர், சும்மா கதைக்காதேங்கோ. இது நீங்கள்தான். கிணத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி அடிச்சது ஆர்?”

“அது ஆடு விழாமலிருக்க அடிச்சது!”

“ஓம், உதைத்தானே அந்தாளும் பன்ரண்டாம் பெட்டிசத்திலை எழுதியிருக்கிறான்!”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துவிட்டது, அக்கா. வாசித்த ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தன்னைக் கண்டவர் ஒருவருமில்லை.

பிறகு நடந்ததைக் கேள். புத்தகத்தை வாசிகசாலையிலிருந்து எடுக்கச் சொல்லி நாலு கடிதங்கள் வந்தன. நாலும் மொட்டை. செயலாளர் துள்ளிக் குதித்து அவற்றை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார். முதல் வரி என்ன தெரியுமா? ‘பொறாமையால் இதை எழுதவில்லை.’ நாலிலும் அதேதான்! உன் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால் அந்த வரியை எழுத வெட்கப்பட்டிருப்பார்கள். அது அவர்களுக்குத் தானாகவே வருகிறது. பொடியள் பலகைக்கு முன்னால் நின்று உரத்து வாசிக்க, மூன்றாம் கடிதத்தோடு கடைக்காரர் எழும்பிப் போய்விட்டார்.

ஐந்தாவது கடிதம் பள்ளிக் கொப்பித் தாளில் வந்தது. அதில் மட்டும் பெயர் இருந்தது. எழுதியவள் இன்றும் எங்கள் கிணற்றடியில் குடத்தோடு காத்து நிற்பவள். தானாக அள்ள முடியாது. யாராவது வார்த்துவிட்டால்தான் அவள் வீட்டில் உலை ஏறும். செயலாளர் அதைப் பலகையில் போடாமல், புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்தவன் என்று என்னிடம் தந்தார்.

‘குடத்தை வைச்சிட்டு வெய்யிலுக்கை நிக்கேக்கை, ஒரு கால் சுட்டால் மற்றக் காலை எங்கை வைக்கிறதெண்டு தெரியாது. புத்தகத்திலை அது அப்பிடியே இருக்கு. இது ஆம்பிளை எழுதினதில்லை. அவவின்ரை பேரைச் சொல்லுங்கோ. நான் என்ரை பேரை எழுதியிருக்கிறன்தானே.’

நீ எப்போது அங்கே நின்றாய், அக்கா? எங்கள் வீட்டுப் பெண்கள் நிற்கும் பக்கம் நிழலாயிற்றே.

இப்போது இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. “தம்பி, பேர் பழையதோ, புதிசோ?” என்று அச்சகத்து அண்ணை நாள்தோறும் கேட்கிறார். அம்மாவோ, “செத்த பிள்ளையைச் சந்திக்கு இழுக்காதையடா” என்று அழுகிறா. அவவோடு என்னால் சண்டை பிடிக்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கோ பதில் எழுத வேண்டும். வெறுங்கையோடு எப்படி எழுதுவது?

உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றேன். இந்தக் கடிதத்தில் நான் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. என் பெயரையும் போடவில்லை. போட்டால் உன் பெயர் தெரிந்துவிடும். ஆக, நானும் மொட்டைதான்.

அட்டையில் பெயர் வரும் இடத்தை வெறுமையாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ ஓம் என்றால், அன்றைக்கே உன் பெயரை எழுதிக்கொண்டு போய் அவள் கையில் கொடுப்பேன். அவள் சம்மதித்தால் அவள் கடிதத்தை அவள் பெயரோடு முன்னுரையாகப் போடுவேன். இது சத்தியம். ஒரே ஒரு சொல்தான் வேண்டும்.

போடட்டோ, அக்கா? சொல்லு.

பெயர் எழுதக் காத்திருக்கும்
உன்ரை தம்பி