வலது கைக்குப் போன கிளி

இன்று காலை அடுப்படியிலிருந்து புளியங்கொட்டைப் பசை கொதிக்கும் வாடை வந்தது. ஓட்டை விழுந்த முறத்துக்குக் காகிதம் ஒட்ட வேண்டும் என்று என் மனைவி நேற்றே சொல்லியிருந்தாள். நான் எட்டிப் பார்த்தபோது முறத்தின் முதுகு முழுக்க உன் கிளிக்காரி. சிவப்புச் சேலையும் பச்சைக் கிளியுமாகப் பத்துப் பதினைந்து கிளிக்காரிகள், குறுக்கிலும் தலைகீழாகவும் ஒட்டிக்கிடந்தார்கள்.

"யாரைக் கேட்டு இதை எடுத்தே?" என்று கத்திவிட்டேன்.

"ஏன் இம்புட்டுக் கோவம்? எலி திங்கப்போற காயிதந்தானே, முறத்துக்காவது ஆகட்டுமே" என்றாள்.

அவள் மேல் என்ன தப்பு? எனக்குக் கோபம் உன் மேல். போய்ச் சேர்ந்தவனோடு சண்டை போடுவதைப் போல வெட்டி வேலை வேறில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் போடத்தான் போகிறேன். உயிரோடு இருந்தபோது நீ வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. இப்போது நான் மட்டுமாவது பேசிவிடுகிறேன், கேள்.

நூல் கட்டுகளின் மேல் ஒட்டிவரும் படச் சீட்டுகள்தான் நம்மைச் சேர்த்துவைத்தன. நீ ராஜபாளையத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வருவாய். என் நூல்கடையில் உட்கார்ந்த கையோடு, "மாப்ளே, புதுசா என்ன வந்திருக்கு?" என்பாய். நூலைக் கேட்கவில்லை, சீட்டைக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். வெந்நீரில் நனைத்து, ஓரம் கிழியாமல் உரித்து, பலகையில் காயவைத்து வைத்திருப்பேன். உன்னிடம் இரண்டு கப்பல் இருந்தால் ஒன்றை எனக்குத் தருவாய். என்னிடம் இரண்டு யானை இருந்தால் ஒன்று உனக்கு. மீசை நரைக்கப்போகிற இரண்டு ஆண்கள் சோழி மாற்றுகிற பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

வெட்டி ஒட்டும் பைத்தியம் உன்னுடையது. யானைத் தலையைக் கப்பலில் ஏற்றினாய். துரையின் தொப்பியைச் சிங்கத்துக்கு வைத்தாய். நல்ல சீட்டைக் கத்தரிக்கிறாயே என்று நான் பதறினால், "ரெண்டைக் கெடுத்தாத்தான் மாப்ளே ஒண்ணு பொறக்கும்" என்பாய். ஒட்டு தெரியாமல் ஒட்டும் கை உனக்கு. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

நமக்கென்று ஒரு மார்க்கா வேண்டும் என்ற பேச்சு அப்படித்தான் வந்தது. நெசவாளர்களில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் குறைவு. படத்தைச் சொல்லித்தான் நூல் கேட்பார்கள். படம்தான் பெயர். ஊரே கேட்கிற ஒரு படம் நம் கையிலிருந்து பிறக்க வேண்டும் என்று நீ சொன்னாய். எனக்கு ஆசை வேறு. நான் இந்த ஊரில் பிறந்தவன், இந்த ஊர்க்காரன் என்று என் சீட்டே சொல்ல வேண்டும். அதனால்தான் கிளி என்றேன். கேட்டதும் நீ துள்ளினாய். ஆண்டாள் என்று எங்கும் எழுத வேண்டாம். கையில் கிளியோடு ஒரு பெண் நின்றால் இந்த ஊருக்கு வேறென்ன சொல்ல வேண்டும்?

ஒரு சீட்டில் தாமரை பிடித்து நிற்கும் சேலைக்காரி இருந்தாள். சீமைக்காரன் வரைந்த சேலை. கொசுவம் எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. இன்னொரு சீட்டில் மாங்கிளையில் ஒரு கிளி. நீ தாமரையை வெட்டி எடுத்துவிட்டுக் கிளியை உட்காரவைத்தாய். கொசுவத்தையும் மையால் திருத்தினாய். நான் பார்த்ததும் கேட்டேன், நினைவிருக்கிறதா?

"என்ன மாப்ளே, வலது கையில வச்சிருக்கே? தாயாருக்கு இடது கையிலல்லா கிளி?"

நீ சிரித்த சிரிப்பு! உலகத்திலேயே கல்லச்சு தெரிந்தவன் நீ ஒருத்தன்தான் என்பது போல. "கல்லுல வரைஞ்சது காயிதத்துல மாறித்தான் விழும் மாப்ளே, முத்திரை மோதிரம் மாதிரி. வலது இடதாயிரும். அதான் முன்னாடியே மாத்தி ஒட்டிட்டேன். கல்லுல ஏத்தும்போது திருப்பக் கூடாதுன்னு மட்டும் சொல்லிரு. பொறவு அதுவா சரியா வரும்."

கேட்கிறேன், மனசைத் தொட்டுச் சொல். எப்படி வர வேண்டுமோ அப்படியே ஒட்டிக் கொடுத்திருந்தால் உன் கிரீடம் இறங்கிப் போயிருக்குமா? அச்சுக்காரன் செய்கிற வேலையை அவனுக்கு முன்னால் நீ ஏன் செய்தாய்? அதிபுத்தி உனக்கு, அலைச்சல் எனக்கு.

உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் மதுரைக்கு நான்தான் போனேன். சாத்தூர் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து ரயில். நீ சொன்ன சொல்லை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். கல்லச்சுக்கூடத்துக்காரர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "திருப்பக் கூடாது" என்றேன்.

அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "நாங்க என்ன நேத்தா தொழிலுக்கு வந்தோம்? படம் திரும்பாது, பயப்படாதீங்க. நீங்க குடுத்த மாதிரியே வரும்" என்றார்.

கல்லில் திருப்பி வரையக் கூடாது என்று நீ சொன்னாய். காகிதத்தில் திரும்பி விழக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். இரண்டுக்கும் ஒரே சொல். நான் நடுவில் அந்தச் சொல்லைச் சுமந்துபோன மாடு. "குடுத்த மாதிரியே" என்று அவர் சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அது என் தப்புதான். உன்னைத் திட்டுகிற வாயால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சீட்டுக் கட்டு வந்து இறங்கியபோது நீயும்தானே பிரித்துப் பார்த்தாய்? மூன்று மாதம் பார்த்துப் பழகிய படம் அச்சு அசலாக அப்படியே வந்திருந்தது. அப்படியே வந்ததுதான் தப்பு என்று நம் இருவரில் ஒருவனுக்கும் புத்தி எட்டவில்லை. நீ ஒரு சீட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். அன்று மாலைக்குள் எல்லாக் கட்டிலும் ஒட்டி முடித்துவிட்டோம்.

மறுநாள் நெசவுத் தெருவுக்கு நீயும் நானும் சேர்ந்தே போனோம். தெரு நீளத்துக்குப் பாவு நூல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த இசக்கியம்மாள் சீட்டை வாங்கி ஆசையாகத்தான் பார்த்தாள். அப்புறம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்க வந்து பாரு. கிளியை வலது கையிலல்லா வச்சிருக்கா! இவ நம்ம தாயார் இல்லட்டி, மதுரை மீனாட்சி."

தெரு கூடிவிட்டது. சிலருக்குச் சிரிப்பு. சிலருக்கு முகம் கடுத்தது. தாயாரைக் கை மாற்றி வைக்கலாமா என்றார்கள். அப்போதுதான் பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நல்ல மனுஷர், எல்லோரையும் கையமர்த்தினார்.

"விடுங்கப்பா. ராவுத்தருக்கு எந்தக் கைன்னு எப்படித் தெரியும்? அவிய கோயிலுக்குள்ள வந்து பாத்தாவளா? தெரியாம செஞ்சிட்டாவ."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிட்டார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கா தெரியாது? ஆடித் தேர் என் வாசலைக் கடக்கும்போதெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். இலையில் கட்டிய அந்தக் கிளிக்கு மாதுளம்பூவில் மூக்கு வைப்பார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். எந்தக் கை என்று உன்னிடம் முதலில் கேட்டவனே நான்தானே!

நீ என் பக்கத்தில்தான் நின்றாய். "ஒட்டினது நான், அவன் அப்பவே கேட்டான்" என்று நீ சொல்வாய் என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். அப்படியே வண்டி பூட்டப் போய்விட்டாய். அந்த இடத்தில் நானே சொல்லியிருக்கலாம்தான். உன்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று விட்டேன். அந்தப் பெரிய மனுஷத்தனம் எனக்கு எதற்கு?

ஒட்டிய சீட்டையெல்லாம் உரித்தோம். இந்தத் தடவை ஓரம் கிழிந்தால் யாருக்கும் கவலையில்லை. அதோடு நம் கூட்டும் கலைந்தது. நீ பருத்தி வியாபாரம் என்று ராஜபாளையத்தோடு நின்றுகொண்டாய். பிறகு ஒருமுறை கல்யாண வீட்டில் பார்த்தபோது, "வாங்க ராவுத்தரே, சௌக்கியமா?" என்றாய். மாப்ளே என்று கூப்பிட்ட வாய்! நானும் "சௌக்கியங்க" என்றேன். அந்த 'ங்க'வைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலித்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது.

நீ போய்விட்ட செய்தி எனக்கு நாலு நாள் கழித்துத்தான் வந்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தேன். உன் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"அந்தக் கிளிச் சீட்டுக் கதையை அண்ணன் எம்புட்டுத் தடவை சொல்லியிருக்கும் தெரியுமா அண்ணே? யாரு வந்தாலும் சொல்லும். 'தப்பு நாதி, வாடிக்கி தெலுசு'ன்னு சொல்லிச் சொல்லி அழும்."

தப்பு என்னுடையது, அவனுக்குத் தெரியும். எனக்கு அம்புட்டுத் தெலுங்கு வரும்.

அடப்பாவி, யாரிடம் சொன்னாய்? ராஜபாளையத்தில் உன் சாதிசனத்திடம், உன் வீட்டுப் பேச்சில், ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியிருக்கிறாய். அங்கே எவன் என்னைக் குறை சொன்னான்? ஏழு மைல் வண்டி கட்டி வந்து, அந்த நெசவுத் தெருவில் நின்று, தமிழில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? இனி நான் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? செத்தவன் தலையில் பழியைப் போடுகிறான் என்பார்கள். நீ விட்டுப்போன சாட்சி என் வாய்க்குள்ளேயே கிடக்கிறது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இந்த ஆடிக்கும் தேர் பார்க்க நின்றேன். தேர் நெருங்கியதும் பக்கத்தில் நின்ற இசக்கியம்மாளின் மகன் என் தோளைத் தொட்டு, அன்பாகத்தான், மேலே கை நீட்டிக் காட்டினான்.

"நல்லா பாத்துக்கிடுங்க ராவுத்தரே. தாயாருக்கு இடது கையிலதான் கிளி."

"அப்படியா?" என்றேன்.