சுவரும் தள்ளுமாம்

ஜூன் 12

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். கோபம் தணிந்ததா? எக்ஸ்ரே எடுக்கப் படிக்க வந்தால், முதல் பருவம் முழுக்க இயற்பியல். வகுப்பில் எல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். "புரியுதா?" என்கிறார் ஆசிரியர். "புரியுது சார்" என்று நானும் சேர்ந்து கத்துகிறேன். யாரிடம் கேட்பது? சுமையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் செய்த வேலை பூஜ்ஜியமாம். கை வலிக்கிறதே, அது எந்தக் கணக்கில்?

இன்னமும் உங்கள்
வீட்டுக்காரி

ஜூன் 25

பெரிய படிப்புக்காரிக்கு,

நகைக்கடை வாசலில் நாள் முழுக்க நிற்கிற காவலாளியிடம் கேட்கிற கேள்வியா இது? முதலாளி காதில் விழுந்தால் சம்பளத்தில் கை வைத்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லியும் போனவள், அங்கேயே விடையைத் தேடிக்கொள்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். சாப்பிடுகிறாயா?

நான்

ஜூலை 20

அன்புள்ள உங்களுக்கு,

கடைசியில் கேட்ட ஒரு கேள்விக்காக மற்றதையெல்லாம் மன்னித்தேன். சாப்பிடுகிறேன், விடுதியில் ஒரு மூலை மேசையில், தனியாக. இன்னொரு சந்தேகம். சுவரை நான் தள்ளினால் சுவரும் அதே அளவு என்னைத் தள்ளுமாம். இரண்டும் சமம் என்றால் எதுவுமே நகரக் கூடாதே? பதில் தெரியாவிட்டாலும் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

ஆகஸ்ட் 3

படிப்புக்காரிக்கு,

கடை மூடும் நேரத்தில், கணக்குப்பிள்ளையின் உருளுகிற நாற்காலியில் உட்கார்ந்து சுவரைத் தள்ளிப் பார்த்தேன். சுவர் அப்படியே நின்றது. நான்தான் பின்னால் போய் மேசையில் இடித்துக்கொண்டேன். "என்னய்யா, இந்த வயசுல விளையாட்டு?" என்றார் கணக்குப்பிள்ளை. "வீட்டுல படிக்கிறாங்க சார்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, வீட்டில் யாரும் இல்லை.

நான்

செப்டம்பர் 10

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் நாற்காலிதான் புரியவைத்தது! நான் தள்ளுவது சுவரை; சுவர் தள்ளுவது என்னை. ஆளுக்கொரு விசை. ஒன்று இன்னொன்றை எப்படி அழிக்கும்? வகுப்பில் எழுந்து இதைச் சொன்னேன். அன்றிலிருந்து பிள்ளைகள் "அக்கா, எங்ககூட உக்காருங்க" என்கிறார்கள். சேர்ந்தே படிக்கிறோம், சேர்ந்தே சாப்பிடுகிறோம். இனிமேல் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அன்புடன்
வீட்டுக்காரி

செப்டம்பர் 22

அன்புள்ள உனக்கு,

தொந்தரவு என்று யார் சொன்னது? பழைய புத்தகக் கடையில் உன் பாடப் புத்தகத்தை வாங்கிவிட்டேன். எவ்வளவு தூரம் சுற்றினாலும், கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்துவிட்டால் இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால், போனவளும் படித்து முடித்து வரப்போகிறவளும் ஒருத்திதானா? வருவாய்தானே?

இங்கே எனக்குச் சந்தேகம் கேட்க ஆளில்லை. மெதுவாகவே எழுது. ஆனால் எழுது.

உன் வீட்டுக்காரன்