சூரியன் கொடுத்த வாக்கு

ஆதிராஜ்,

குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன்.

"நீ மறுபடி வேலைக்குப் போ, குழந்தைக்கு ஆள் வச்சு நான் பார்த்துக்கிறேன்"னு என் எதிரில்தான் கனகலதாவிடம் சொன்னாய். இன்று அவள் கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறியதும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ராஜம்மாளிடம், "நாளையிலேர்ந்து வர வேணாம்மா"ன்னு சொல்லியிருக்கிறாய். அவள் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள்.

வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. "நாளைக்கும் வாம்மா"ன்னு நீ கேட்டால் தருவாள். உன் சோறு உள்ளே மூடியிருக்கிறது.

நம் சமண வழக்கப்படி நாம் இருட்டினபின் சாப்பிடுவதில்லை. அதனால் மருமகள் இறங்கியதும் சாப்பிடச் சோறு எடுத்துப் போகிறேன்.

அப்பா

பி.கு.: பஸ் தாமதமானாலும் கவலையில்லை. சூரியனிடம் பேசிவிட்டேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை மலைக்குப் பின்னால் இறங்கமாட்டானாம். அவன் சொன்னால் நம்பலாம். அவன் என் பிள்ளை இல்லை.