அத்தை ஊற்றிய மழை

என் அன்பு நைனா,

நம் வீட்டு முற்றத்து மழைமானியை இப்போது நான்தான் தினமும் பார்க்கிறேன். துறைமுக ரேடார் ஆபீசிலிருந்து கொண்டுவந்து நட்ட அன்று நீ சொன்னாயே, "ரேடாரு தூரத்து மழையைப் பாக்கும். எவ்ளோ பேஞ்சுதுன்னு நம்ம டப்பாவாண்டதான் கேட்டுக்கும்." அந்த டப்பாவைப் பிடுங்கிப்போக உன் அதிகாரி வந்துவிட்டார்.

காரணம் இதுதான். ராயபுரமே காய்ந்து கிடந்த நாட்களில் டப்பாவில் தண்ணீர் இருந்தது. எனக்கும் புரியவில்லை. இருந்த அளவை எழுதி, பக்கத்திலேயே 'தெரு காய்ந்திருக்கிறது' என்றும் எழுதி ஆபீசுக்கு அனுப்பினேன்.

"ரேடார்ல ஒரு பொட்டு மழை இல்லை. சின்னப் பொண்ணை நம்பினது எங்க தப்பு" என்றார் அதிகாரி.

உன் அக்கா செம்போடு வெளியே வந்தாள். "நான்தான் ஊத்துனேன் சார். செத்தவனுக்குத் தண்ணி வெக்கணும்ல? என் தம்பி டப்பா காஞ்சுகினு கீது, மனசு கேக்கல."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் ஸ்பேனரை எடுத்தார். நான் மானியின் முன்னால் போய் நின்றேன்.

"தண்ணி இருந்தது, எழுதினேன். ரேடாரோட ஒத்துப்போகட்டும்னு ஒண்ணுமில்லைன்னு எழுதியிருந்தா நல்ல பொண்ணுன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் ரேடார் தப்பா காட்டுற அன்னிக்கு யார் சார் சொல்றது?"

"அப்பன் வாய் அப்படியே கீது" என்றாள் அத்தை.

அதிகாரியின் ஸ்பேனர் பைக்குள் போனது. "ஒரு மழை பெய்யட்டும், டப்பா என்ன சொல்லுதுன்னு பார்க்கலாம்" என்றார்.

அத்தையின் செம்பு இப்போது உன் படத்தின் முன்னால் இருக்கிறது. காலையில் எட்டிப் பார்த்து, "கொறஞ்சுகீது பாரு, குடிச்சிட்டான்" என்கிறாள். தண்ணீர் ஆவியாகும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நீ குடித்தாயா, நைனா?

இனி செயற்கைக்கோள் மேலேயிருந்தே மழையை அளக்குமாம். அளக்கட்டும். அது சொல்வது சரியா என்று ரேடாரைக் கேட்பார்கள். ரேடார் சரியா என்று நம் முற்றத்துக்கு வருவார்கள். யார் வந்து கேட்டாலும், எவ்வளவு முறைத்தாலும், டப்பாவில் இருப்பதைத்தான் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. குடையை விரிக்காமல் வாசலிலேயே வைத்துவிட்டு, டப்பாவைப் பார்க்க முற்றத்துக்குப் போகிறேன்.

உன் வாயோடு பிறந்த,
உன் மகள்