சேறு படாத சப்பாத்து

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும், கோயிலுக்குப் போட்ட சப்பாத்தோடேயே பாடகர் குழுவோடு இல்-பிசார் பூங்காவின் காட்டுப் பாதையில் நடக்கப் போன கணவன் மரியதாஸ்மேல் றெஜினாவுக்கு வந்த கோபம், செவ்வாய் காலையிலும் ஆறவில்லை. வேலைக்கு இறங்குமுன் ஒரு சீட்டு எழுதி பிறிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

"இஞ்சாருங்கோ, புட்டு மேசையில. மீன்குழம்பைச் சூடாக்குங்கோ. பதினொரு மணிக்கு ஹீற்றர் திருத்த ஆள் வருவார், நித்திரை கொண்டிடாதேங்கோ.

உங்கட சப்பாத்தை நான் துடைக்கேல்லை. துடைக்க அதில ஒரு துளி சேறாவது இருக்கோ? 'பனி உருகும் காலம், சேறானாலும் பாதையின் நடுவே நடக்கவும்' எண்டு பலகை இருந்தது. எங்களுக்கு அதை வாசிச்சுக் காட்டினதே நீங்கள்தான். பேந்து நீங்களே ஓரத்தால போக, பாடகர் குழு முழுக்க உங்களுக்குப் பின்னால. இப்பதான் முளைச்ச செடியெல்லாம் நசிஞ்சு போச்சு. கேட்டா, 'புல்லுத்தானே' எண்டுறியள்.

வாசலில ரப்பர் சப்பாத்து வைச்சிருக்கிறன். அதைப் போடாட்டி அடுத்த ஞாயிறு நடக்க நான் உங்களோட வரமாட்டன்."

கதவுவரை போனவள் திரும்பி வந்தாள். சீட்டின் அடியில் இடமில்லை. ஓரத்தில் சரித்து எழுதினாள்:

"நானும் சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு உங்களுக்குப் பின்னாலதான் வந்தனான். ரெண்டு சோடி வாங்கினனான்."